மூணு எழுத்து போதும், முழு வாசகமும் வந்துவிடும்



ஜூன் மாதம் பிறந்து மலையில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் ஐந்தருவிப் பக்கம் இருக்கிற நம் குழுக்களுக்குக் கை ஓயாது. பழக்கடை, நேந்திரங்காய் சிப்ஸ், தேன், மூலிகைப் பொடி என்று வியாபாரம் ஒரு பக்கம். போனில் வரும் கேள்விகள் இன்னொரு பக்கம். "அக்கா, மங்குஸ்தான் வந்துட்டா?", "பார்சல் அனுப்புவீங்களா?", "பணத்தை எந்த அக்கவுண்ட்டுல போடணும்?" இதற்கெல்லாம் பதில் அனுப்பி முடிப்பதற்குள், "மதினி, இந்த மாசக் கூட்டம் என்னைக்கு?" என்று குழு உறுப்பினர் கேட்பார். பத்துப் பேருக்கும் ஒரே பதிலைத்தான் பத்துத் தடவை அடிக்கிறோம்.

தமிழில் அடிப்பது லேசான வேலையும் இல்லை. 'தீர்மானம்' என்ற சொல் கண்ணுக்கு ஐந்து எழுத்து. போனில் அடிக்கும்போது த, ஈகாரக் குறி, ர, புள்ளி, ம, கால், ன, ம, புள்ளி என்று ஒன்பது தட்டு தட்ட வேண்டும். 'மகளிர் சுய உதவிக் குழு' என்று அடிக்க, இடைவெளியையும் சேர்த்தால் இருபத்திரண்டு தட்டு. ஒரு கையில் தராசைப் பிடித்துக்கொண்டு இதைச் செய்ய முடியுமா? அதனால்தான் நம்மில் பலர் மைக் படத்தை அழுத்திப் பேசி அனுப்பிவிடுகிறோம். பேசி அனுப்புவது தப்பில்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து, "அன்னைக்கு என்ன தேதி சொன்னோம்? எவ்வளவு தொகை சொன்னோம்?" என்று தேடினால், பேசிய மெசேஜில் சொல்லைப் போட்டுத் தேட முடியாது. ஒவ்வொன்றாகக் காது கொடுத்துக் கேட்க வேண்டும். எழுதி அனுப்பியதைத் தேடினால் நொடியில் வந்து நிற்கும். கணக்கும் தேதியும் எழுத்தில் இருப்பதுதான் குழுவுக்குப் பாதுகாப்பு.

இந்தச் சிரமத்துக்கு நம் கையிலுள்ள டச் போனிலேயே ஒரு வழி இருக்கிறது. அடிக்கடி அனுப்பும் வாசகத்தை ஒருமுறை முழுசாக அடித்து, அதற்கு இரண்டு மூன்று எழுத்தில் ஒரு சுருக்கம் வைத்துவிட்டால் போதும். பிறகு அந்தச் சுருக்கத்தைத் தட்டினாலே முழு வாசகமும் வந்து நிற்கும். இதற்குக் காசு கிடையாது. நெட் வேண்டியதில்லை. புதிதாக எதையும் ஏற்றவும் வேண்டாம்.

புதுசு இல்லை, பழசுதான்!

இது ஏதோ கம்ப்யூட்டர்காரர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்க வேண்டாம். நம் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் 'க/பெ' என்று போடுகிறோமே, அது என்ன? கணவர் பெயர் என்பதன் சுருக்கம்தான். தகப்பனார் பெயருக்கு 'த/பெ'. நம் தாத்தா காலத்துக் கணக்குப் பிள்ளைகள் இதைவிடக் கெட்டிக்காரர்கள். நாள் என்று எழுத ௳, மாதத்துக்கு ௴, வருடத்துக்கு ௵, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படி என்பதற்கு ௸, ரூபாய்க்கு ௹ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரே இழுப்பில் ஒரு குறி வைத்திருந்தார்கள். வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், நிச்சயம் இரண்டொன்று கண்ணில் படும். கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் பொதுவான யூனிகோடு எழுத்துப் பட்டியலில் 2003-ல் இந்தக் குறிகளையும் சேர்த்துவிட்டார்கள்.

தந்தி இருந்த காலத்தை நினைவிருக்கிறவர்கள் இருப்பீர்கள். கல்யாண வீட்டுக்கு வாழ்த்துத் தந்தி அடிக்க வேண்டுமென்றால், தபாலாபீசில் வாழ்த்து வாசகங்களுக்கு ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வொரு வாசகத்துக்கும் ஒரு நம்பர். நம்பரைக் குறித்துக் கொடுத்தால் போதும், போய்ச் சேரும் ஊரில் முழு வாழ்த்தையும் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். தந்தி சேவை 2013 ஜூலையில் நிறுத்தப்பட்டது. ஆனால் அந்த நம்பர் செய்த வேலையைத்தான் இப்போது நம் போன் செய்கிறது. பட்டியலை மட்டும் நாமே தயாரிக்க வேண்டும்.

போனில் வைப்பது எப்படி?

ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் ஜிபோர்டு என்ற கூகுள் கீபோர்டு இருக்கும். அதில் எப்படி என்று முதலில் பார்ப்போம். வாட்ஸ்அப்பில் யாருக்காவது மெசேஜ் அடிக்கிற மாதிரி திறந்தால் கீபோர்டு மேலே எழும்பி வரும். எழுத்துகளுக்கு மேலே உள்ள பட்டையில் பல்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கும். அது இல்லையென்றால் பட்டையின் ஓரத்தில் நாலு சின்னக் கட்டம் போட்ட படத்தைத் தொட்டால் உள்ளே இருக்கும். அதுதான் செட்டிங்ஸ். அதைத் தொட்டு உள்ளே போய் 'டிக்‌ஷனரி', அதற்குள் 'பர்சனல் டிக்‌ஷனரி' என்பதைத் தொட வேண்டும். போன் தமிழில் இருந்தால் அகராதி, தனிப்பட்ட அகராதி என்று காட்டும். அடுத்து மொழிகளின் பட்டியல் வரும். அதில் எல்லா மொழிக்கும் பொதுவானதைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது. மேலே மூலையில் கூட்டல் குறி தெரியும். அதைத் தொட்டால் இரண்டு வரி வரும். முதல் வரியில் முழு வாசகம். அடுத்த வரியில், அதாவது 'ஷார்ட்கட்' என்று இருக்கும் இடத்தில், நம் சுருக்கம். பின்னால் வந்தால் தானாகவே பதிந்துவிடும்.

இப்போது மெசேஜுக்குத் திரும்பி வந்து சுருக்கத்தைத் தட்டிப் பாருங்கள். கீபோர்டுக்கு மேலே உள்ள பட்டையில் முழு வாசகம் எட்டிப் பார்க்கும். அதை விரலால் தொட்டால்தான் உள்ளே இறங்கும். தானாக மாறும் என்று காத்திருக்க வேண்டாம். பட்டையே தெரியவில்லை என்றால் யாரோ அதை அணைத்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதே செட்டிங்ஸில் எழுத்துத் திருத்தம் பகுதிக்குப் போய் அதை மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

சாம்சங் போனில் அந்தக் கம்பெனியின் கீபோர்டே இருந்தால் அதன் செட்டிங்ஸில் 'டெக்ஸ்ட் ஷார்ட்கட்ஸ்' என்று தனியாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் ஐபோன் அனுப்பியிருந்தால் செட்டிங்ஸ், ஜெனரல், கீபோர்டு, அதற்குள் 'டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்'. போனுக்குப் போன் சில்லறை வித்தியாசம் இருக்கும். வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால் ஒரு நிமிஷத்தில் எடுத்துக் காட்டிவிடும்.

சுருக்கத்துக்கு எழுத்து தேர்வு செய்வதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாம் சாதாரணமாக அடிக்கும் சொல்லையே சுருக்கமாக வைத்தால் வேண்டாத நேரத்திலெல்லாம் வாசகம் தலையை நீட்டும். அதனால் கடைசியில் எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கணக்கு எண்ணுக்குக் கே, ஈ, எக்ஸ். விலாசத்துக்கு வி, எல், எக்ஸ். கூட்டத்துக்குக் கே, டி, எக்ஸ். எந்தச் சொல்லும் இப்படி முடியாது என்பதால் குழப்பம் வராது. சுருக்கம் ஆங்கில எழுத்தில் இருந்தாலும் வந்து விழும் வாசகம் தமிழில் இருக்கலாம்.

எதை உள்ளே வைப்பது?

இந்த வசதியால் நேரம் மிச்சம் என்பதுதான் எல்லோரும் சொல்வது. எங்களைக் கேட்டால் நேரத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. நீளமான எண்களில் பிசகு வராது.

வங்கிக் கணக்கு எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேட் வங்கியில் பதினொரு இலக்கம், வேறு வங்கிகளில் அதற்கு மேலும் உண்டு. அவசரத்தில் ஒரு இலக்கம் மாறினால் பணம் வேறு யார் கணக்கிலாவது போய் உட்காரும். வரவு வைக்கும்போது வங்கி பார்ப்பது கணக்கு எண்ணைத்தான், பெயரை அல்ல. ஆர்.டி.ஜி.எஸ்., என்.இ.எப்.டி. மூலம் அனுப்புகிறவர்கள், யார் பெயருக்குப் பணம் போகிறது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. நல்ல காரியம்தான். ஆனாலும் நாம் கொடுக்கும் எண் முதலிலேயே சரியாக இருந்துவிட்டால் யாருக்கும் தலைவலி இல்லை.

ஐ.எப்.எஸ்.சி. எண்ணில் இன்னொரு வம்பு. அது மொத்தம் பதினொரு எழுத்து. முதல் நாலு வங்கியின் பெயரைக் குறிக்கும் ஆங்கில எழுத்து, கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். நடுவில் ஐந்தாவதாக இருப்பது பூஜ்யம். எப்போதும் பூஜ்யம்தான். அதை 'ஓ' என்ற ஆங்கில எழுத்தாக அடிப்பவர்கள் ஏராளம். பாஸ்புக்கை முன்னால் வைத்துக்கொண்டு ஒருத்தர் வாசிக்க, ஒருத்தர் அடிக்க, மூன்றாவது ஆள் சரிபார்க்க, ஒரே ஒரு தடவை சரியாக ஏற்றிவிடுங்கள். பிறகு யார் கேட்டாலும் பிசகாது.

இதேபோல் குழுவின் முழுப்பெயர், தொடங்கிய தேதி, கடையின் விலாசம், பின்கோடு இதெல்லாம் சுருக்கத்துக்கு ஏற்றவை. குற்றாலத்துக்கு 627802, தென்காசிக்கு 627811 என்று மனப்பாடமாகச் சொல்கிறவர்கள்கூடப் பார்சல் சீட்டில் மாற்றி எழுதிவிடுவது உண்டு.

ஐந்தருவிக்கு வருகிற கூட்டத்தில் கேரளாக்காரர்கள் நிறைய. கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்குப் போகிற ஐயப்ப பக்தர்களில் ஆந்திரா, கர்நாடகாவிலிருந்து வருபவர்களும் உண்டு. மலையாளமோ தெலுங்கோ நன்றாக எழுதத் தெரிந்த ஒருவரிடம், "உங்கள் பார்சல் கிடைத்ததா? பொருள் எப்படி இருந்தது?" என்று ஒரு வரி எழுதி வாங்கி, அதையும் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். நமக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் ஏற்றும் முன் வேறொருவரிடம் காட்டி, 'இதில் என்ன எழுதியிருக்கு?' என்று கேட்டுவிடுங்கள். வாசிக்கத் தெரியாத வாசகத்தை ஒருத்தரின் வார்த்தையை மட்டும் நம்பி அனுப்புவது வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுகிற மாதிரிதான்.

எதை வைக்கக் கூடாது?

போன் நாம் சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை. சொன்னது இன்றைக்கும் உண்மையா என்று அதற்குத் தெரியாது.

நம் மாவட்டத்தையே பாருங்கள். 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. அதற்கு முன் ஒருவர் விலாசத்தைப் பதிந்து வைத்திருந்தால் அந்தப் போன் இன்னமும் 'திருநெல்வேலி மாவட்டம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வங்கி விஷயத்திலும் அப்படித்தான். பாண்டியன் கிராம வங்கியில் கணக்கு வைத்திருந்த குழுக்களுக்குத் தெரியும், 2019 ஏப்ரல் 1-ல் அது பல்லவன் கிராம வங்கியோடு சேர்ந்து தமிழ்நாடு கிராம வங்கி ஆனது. சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரல் 1-ல் கனரா வங்கியோடு சேர்ந்தது. சிண்டிகேட்டின் பழைய ஐ.எப்.எஸ்.சி. எண்கள் 2021 ஜூலை 1 முதல் செல்லாமலே போய்விட்டன. பழைய எண்ணைப் போனில் ஏற்றி வைத்துவிட்டு மறந்தவர் அதன் பிறகும் செல்லாத எண்ணையே எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருப்பார். எழுத்துப்பிழை ஒன்றும் இருக்காது, ஆனால் தகவல் தப்பு. அதனால் வருடத்துக்கு ஒரு தடவை, கணக்குத் தணிக்கை நடக்கிற சமயத்திலேயே, போனில் இருக்கும் சுருக்கங்களையும் பாஸ்புக்கோடு வைத்துப் பார்த்துவிடுங்கள்.

மாறிக்கொண்டே இருப்பவற்றை ஏற்றவே வேண்டாம். விலை, இருப்பு, கடன் பாக்கி, கூட்டத் தேதி இவையெல்லாம் அன்றன்றைக்குக் கையால் அடிக்க வேண்டியவை. கூட்ட அறிவிப்புக்கு மட்டும் ஒரு வழி உண்டு. "சகோதரிகளே, நம் குழுக்கூட்டம்  தேதி  மணிக்கு நடைபெறும். சேமிப்பும் பாஸ்புக்கும் கொண்டு வரவும்" என்று தேதி, மணி இருக்கும் இடத்தில் நட்சத்திரக் குறி போட்டுப் பதிந்துகொள்ளலாம். வெறும் இடைவெளி விட்டால் நிரப்ப மறந்து அப்படியே அனுப்பிவிடுவோம். நட்சத்திரம் இருந்தால் கண்ணை உறுத்தும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது அருவித் தண்ணீர் பற்றிய பதில். "குளிக்க விடுறாங்களா?" என்பதுதான் சீசனில் நம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. நாமும் அலுத்துப்போய், "தண்ணீர் நன்றாக விழுகிறது, குளிக்கலாம், வாங்க" என்று ஒரு சுருக்கம் வைத்துக்கொள்ள ஆசைப்படுவோம். தயவுசெய்து வைக்காதீர்கள்! இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலே மலையில் மழை பிடித்துவிடும். தண்ணீர் நிமிஷத்தில் நிறம் மாறி வரும். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். காலையில் சரியாக இருந்த பதில் மதியம் ஒரு குடும்பத்தை ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். நம் வாடிக்கையாளர் நம்மை நம்பித்தான் வண்டி ஏறுகிறார். இந்தக் கேள்விக்கு ஒரு சுருக்கம் வேண்டுமென்றால், "நிலவரம் அடிக்கடி மாறும். அருவிக்கு வந்ததும் அங்குள்ள போலீசாரிடம் கேட்டுவிட்டு இறங்கவும். தடை என்றால் இறங்க வேண்டாம்" என்று வையுங்கள். அது எந்த நாளும் உண்மையாக இருக்கும். ஒரு நாள் வியாபாரம் குறைந்தாலும் பரவாயில்லை.

அடுத்து ரகசியங்கள். ஏ.டி.எம். பின், யு.பி.ஐ. பின், பாஸ்வேர்டு, ஆதார் எண் எதையும் சுருக்கமாக வைக்கக் கூடாது. வீட்டில் போன் ஒருவர் கையிலேயா இருக்கிறது? பேரப்பிள்ளை விளையாட எடுக்கிறான், கடையில் பக்கத்து ஆள் வாங்கிப் பேசுகிறார். தெரியாமல் மூன்று எழுத்து தட்டினால் ரகசியம் பட்டையில் வந்து நிற்கும். இன்னொன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறோம். நம் கணக்குக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் அடிக்க வேண்டிய அவசியமே கிடையாது. 'பணம் அனுப்புறேன், பின் போடுங்க' என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

கடை நடத்தும் குழுக்களுக்கு

வாட்ஸ்அப் பிசினஸ் என்று வியாபாரிகளுக்கான தனி வாட்ஸ்அப் 2018-லிருந்து இருக்கிறது. இதற்கும் கட்டணம் இல்லை. அதன் செட்டிங்ஸில் 'குயிக் ரிப்ளைஸ்' என்ற இடத்தில் ஐம்பது பதில்கள் வரை பதிந்து வைக்கலாம். மெசேஜ் அடிக்கும் இடத்தில் ஒரு சாய்கோடு போட்டால் பதிந்த பதில்களின் பட்டியல் வரும். வேண்டியதைத் தொட்டு அனுப்பலாம். கீபோர்டில் வைக்கும் சுருக்கத்துக்குச் சின்ன வாசகம்தான் தோது. நாலைந்து வரி உள்ள பதிலுக்கு இதுதான் வசதி. பார்சல் அனுப்பும் முறை, பணம் கட்டும் விவரம், கடைக்கு வரும் வழி மூன்றையும் முதலில் போட்டுப் பாருங்கள்.

பட்டன் போன் வைத்திருக்கும் சகோதரிகளும் விட்டுப்போக வேண்டாம். பல பட்டன் போன்களில் மெசேஜ் பகுதிக்குள் 'டெம்ப்ளேட்ஸ்' என்று ஒரு இடம் இருக்கும். அங்கே நம் வாசகத்தைச் சேமித்து வைத்து, வேண்டும்போது எடுத்து அனுப்பலாம். எஸ்.எம்.எஸ்.-க்கு ஒரு அளவு உண்டு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆங்கில எழுத்தென்றால் 160 வரை ஒரு எஸ்.எம்.எஸ். தமிழென்றால் 70-தான். அதிலும் 'தீ' என்ற ஒரு எழுத்து இரண்டாகக் கணக்காகும். 70-ஐத் தாண்டினால் இரண்டு எஸ்.எம்.எஸ். காசு போகும். ஆகவே பட்டன் போனுக்கு வாசகத்தை நறுக்கென்று வையுங்கள்.

குழுவில் யார் யார் போனில் என்னென்ன சுருக்கம் இருக்கிறது என்பதைத் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. செயலாளர் மாறினாலும், போன் தண்ணீரில் விழுந்தாலும், புதுப் போன் வாங்கினாலும் அதைப் பார்த்து மறுபடி ஏற்றிவிடலாம். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் இதைச் செய்து பார்க்க அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். வரும்போது போனைச் சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள், குழுவின் பாஸ்புக்கையும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.